எண்ணிப் பார்க்க வேண்டிய ரத்தம்: மனநோய் மருந்துகளும் வெள்ளை அணுக்களும்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையும் திருச்சி - சிதம்பரம் நெடுஞ்சாலையும் சந்திக்கும் ஊர் கீழப்பழுவூர். சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இங்கே இருக்கிறது. தாயைக் கொன்ற பழி நீங்கப் பரசுராமர் தவமிருந்த இடம் என்பது தலபுராணம். இன்று சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடும் வட்டாரம் இது. வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்துவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் பேருந்து ஏறுவது என்று முதலில் யோசிப்பார்கள். வடக்கே அரியலூர், தெற்கே தஞ்சாவூர், மேற்கே திருச்சி. சிலர் திருச்சியையும் தாண்டிக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் தங்குவார்கள். பலர் கோயிலுக்கும் போவார்கள், ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த பிறகு வீட்டில் ஒரு பேச்சு எழும். "இந்த மாத்திரை ரத்தத்தைச் சுண்ட வச்சிடும்." அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள், பெரியவர்கள் ஆமோதிப்பார்கள். சில மாதங்களில் நோயாளி சற்றுத் தெளிந்ததும் மாத்திரை நின்றுபோகும். கொஞ்ச நாளில் நோய் திரும்பி வரும்.

இந்தப் பேச்சை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. மனநோய் மருந்துகளில் சில, அரிதாக, ரத்தத்தைத் தாக்குகின்றன. அதனால் உயிரிழந்தவர்களும் உண்டு. எந்த மருந்து, எத்தனை பேரில் ஒருவரை, எந்தக் காலத்தில், எப்படித் தாக்குகிறது என்பது கடந்த 70 ஆண்டுகளில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. தெரிந்த ஆபத்தை எண்ணிக் காவல் காக்கலாம். அந்தக் காவல் எட்டாத ஊர்களில் நோயாளிக்குக் கிடைப்பது இரண்டில் ஒன்று: காவல் இல்லாத மருந்து, அல்லது மருந்தே இல்லாத வாழ்க்கை. இரண்டையும் நாம் ஏற்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

எந்த அணு, எதற்கு?

ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளை அணு, தட்டணு என மூன்று வகை உண்டு. மூன்றும் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. வெள்ளை அணுக்களில் பெரும்பகுதி நியூட்ரோஃபில் என்னும் வகை. தொண்டையில், குடலில், தோலில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் உள்ளே புகாமல் தடுப்பவை இவையே. ரத்தத்தில் இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. சில மணி நேரம் முதல் சில நாள் வரைதான். மஜ்ஜை ஓயாமல் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வரத்து நின்றால் ஒரு வாரத்துக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும்.

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1,500க்கு மேல் நியூட்ரோஃபில் இருந்தால் கவலை இல்லை. 1,000க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 500க்குக் கீழே போனால் அது உயிருக்கு ஆபத்து; அந்த நிலைக்கு அக்ரானுலோசைட்டோசிஸ் என்று பெயர். 1922இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் ஷுல்ட்ஸ் இந்தப் பெயரை வைத்தார். தொண்டை புண்ணாகி, காய்ச்சல் கண்டு, சில நாளில் இறந்துபோன நோயாளிகளின் ரத்தத்தில் இந்த அணுக்கள் மறைந்துபோயிருந்ததை அவர் விவரித்தார். இன்று நாம் பேசும் மனநோய் மருந்துகள் எதுவும் அப்போது புழக்கத்தில் இல்லை. அமிடோபைரின் என்னும் வலி மாத்திரைக்கு இதில் பங்கு உண்டென்பது 1930களில் தெரியவந்தது. அதன் உறவுக்கார மருந்துதான் நம் ஊர்களில் அனால்ஜின் என்ற பெயரில் வெகுகாலம் விற்றது.

ஆக, இந்தக் கேடு மனநோய் மருந்துகளுக்கு மட்டும் உரியதன்று. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல் மாத்திரையும் இதே கேட்டை அரிதாகச் செய்யும். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே ரத்தம் பாருங்கள் என்றுதான் அந்த நோயாளிகளுக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். தைராய்டு மாத்திரை போடும் அத்தையைப் பார்த்து யாரும் "ரத்தம் சுண்டிவிடும்" என்று பயமுறுத்துவதில்லை. மனநோய் மாத்திரை போடும் மகனிடம் மட்டும் சொல்கிறோம். அந்தப் பயத்தில் பாதி மருந்தைப் பற்றியது. மீதி நோயைப் பற்றிய வெட்கம்.

குளோர்புரோமசின் முதல் குளோசபின் வரை

1952இல் பாரிஸ் நகரின் சான் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள் குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை பூட்டி வைப்பதைத் தவிர வழியறியாத மருத்துவமனைகளில் நோயாளிகள் எழுந்து பேசத் தொடங்கினார்கள். ஆண்டுகள் சில போவதற்குள் அந்த மருந்து சிலரது வெள்ளை அணுக்களை விழுங்குவதும் தெரிந்தது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வயதானவர்களிடம் சற்றுக் கூடுதலாக இது நடந்தது. ஆனாலும் மிக அரிது. மருந்தை உடனே நிறுத்தினால் அணுக்கள் திரும்பி வந்தன. அந்த மருந்து இன்றும் அரசு மருத்துவமனைகளில் புழங்குகிறது.

கதையின் மையம் அடுத்த மருந்தில் இருக்கிறது. 1958இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாண்டர் நிறுவனம் குளோசபினை உருவாக்கியது. பழைய மருந்துகள் தந்த கை நடுக்கமும் உடல் விறைப்பும் இதில் அநேகமாக இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகளில் விற்பனைக்கு வந்தது. 1975இல் ஃபின்லாந்துக்கு வந்தது. அந்த ஆண்டே அங்கே குளோசபின் எடுத்த பலருக்கு வெள்ளை அணுக்கள் மறைந்தன. 8 பேர் இறந்தார்கள். யூஹானா இதன்பான்-ஹெய்க்கிலா தலைமையில் ஃபின்லாந்து மருத்துவர்கள் இதை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். குளோசபின் பல நாடுகளில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. சில இடங்களில் மட்டும் கடும் கட்டுப்பாட்டோடு நீடித்தது.

ஒரு மருந்து இப்படி விழுந்தால் மீண்டும் எழுவது அபூர்வம். குளோசபின் எழுந்தது. மனச்சிதைவு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மற்ற மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜான் கேன் தலைமையில், பல மருந்துகளுக்கும் மசியாத 268 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு வாரத்தில் குளோர்புரோமசின் எடுத்தவர்களில் 100க்கு 4 பேர் தேறினார்கள். குளோசபின் எடுத்தவர்களில் 100க்கு 30 பேர். வேறெந்த வழியும் திறக்காத கதவை இது திறந்தது. 1989இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. முக்கிய நிபந்தனை: வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. ரத்த அறிக்கை இல்லையென்றால் மாத்திரை இல்லை.

அந்தக் காவலின் பலன் 1993இல் எண்ணாக வெளிவந்தது. அமெரிக்காவில் குளோசபின் எடுத்த 11,555 பேரில் 73 பேருக்கு அக்ரானுலோசைட்டோசிஸ் வந்தது. இறந்தவர்கள் 2 பேர். ஒரு ஆண்டில் 1,000 பேரில் 8 பேருக்கு இந்தக் கேடு வரலாம் என்று கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில் வந்தவை. 2018இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே விகிதம்தான், 1,000க்கு 9 என்ற அளவில், கிடைத்தது. அப்படிக் கடுமையாகக் குறைந்தவர்களில் இறந்தவர்கள் 100க்கு சுமார் 2 பேர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 1990 முதல் 2022 வரை குளோசபின் எடுத்த 26,000க்கும் மேற்பட்டவர்களின் ரத்தப் பதிவேடுகளும் அண்மையில் அலசப்பட்டன. ஆபத்து முதல் 18 வாரங்களில் குவிந்திருக்கிறது, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அது மிக மிகச் சொற்பம் என்பது அதன் முடிவு.

இந்தக் கதைக்கு இன்னொரு முனையும் ஃபின்லாந்திலேயே இருக்கிறது. 2009இல் அதே நாட்டின் யாரி தீஹோனென் குழு, 66,881 மனச்சிதைவு நோயாளிகளின் 11 ஆண்டுப் பதிவேடுகளைப் பார்த்தது. எந்த மருந்து எடுத்தவர்கள் குறைவாக இறந்தார்கள் என்பது கேள்வி. பதில், குளோசபின். 1975இல் 8 பேரைப் பறிகொடுத்த நாட்டின் ஏடுகளே அதே மருந்து அதிக உயிரைக் காத்ததாகச் சொல்லின. ரத்தக் கேட்டால் ஒருவர் சாகும் வாய்ப்பைக் காட்டிலும், அடங்காத மனநோயால், குறிப்பாகத் தற்கொலையால், சாகும் வாய்ப்புப் பல மடங்கு பெரிது. மனச்சிதைவு நோயில் தற்கொலை அபாயத்தைக் குறைக்கக் குளோசபினுக்கு அமெரிக்க அரசு 2002இல் தனி அனுமதியே கொடுத்தது.

மஜ்ஜைக்குள் நடப்பது

குளோசபின் ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. பாதி விடை இருக்கிறது. நியூட்ரோஃபில்கள் கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் அதே ரசாயனச் சரக்கு குளோசபினை ஒரு தீவிரமான துணைப்பொருளாக மாற்றிவிடுகிறது. அது அணுவின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. சிலரது உடல் தன் சொந்த அணுவையே அந்நியன் என்று நினைத்துத் தாக்கத் தொடங்குகிறது. யாருக்கு இப்படி நடக்கும் என்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு. உடல் தன்னையும் பிறரையும் பிரித்தறியும் ஹெச்.எல்.ஏ. மரபணுக்களின் சில வகைகள் இதோடு தொடர்புடையவை என்று 2014இல் கண்டார்கள். ஆனால் மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்த அறிவு இன்னும் முதிரவில்லை. ஆகவே எண்ணிப் பார்ப்பதே இன்றும் வழி.

இந்தக் கேடு மாத்திரையின் அளவைப் பொறுத்து வருவதில்லை. "கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. அதனால் ரத்தத்துக்குப் பாதுகாப்பு ஏதும் கூடுவதில்லை, நோய்தான் தலைதூக்கும்.

மற்ற மருந்துகள், மற்ற ரத்தக் கேடுகள்

இன்று பரவலாக எழுதித் தரப்படும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவிடியபின் ஆகியவையும் வெள்ளை அணுவைக் குறைத்ததாகச் செய்திகள் உண்டு. அவை அரிதினும் அரிது. வாராந்தரப் பரிசோதனை வேண்டியதில்லை. வலிப்புக்கும் மனநிலை ஊசலாட்டத்துக்கும் கொடுக்கும் கார்பமசெபின் தனியாகவே வெள்ளை அணுவைக் குறைக்கக்கூடியது என்பதால் அதைக் குளோசபினோடு சேர்ப்பதில்லை. வால்புரோயேட் தட்டணுக்களைக் குறைக்கலாம். லித்தியம் நேரெதிர், வெள்ளை அணுவைக் கூட்டும்.

மாதம் ஒருமுறை போடும் ஊசிகளைப் பற்றி ஒரு சொல். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு ஃப்ளுஃபெனசின் ஊசி பெரும் துணை. ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மருந்து வாரக்கணக்கில் உடலில் ஊறிக்கொண்டிருக்கும். வெள்ளை அணு குறைந்தால் "மருந்தை நிறுத்து" என்று சொல்லவும் வழியில்லை. அதனாலேயே இந்த ஊசியையும் குளோசபினையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பார்கள்.

இன்னொரு வெள்ளை அணு ஈசினோஃபில். நம் கிராமங்களில் குடல் புழுவாலும் ஒவ்வாமையாலும் இது கூடுவது சாதாரணம். குளோசபின் தொடங்கிய முதல் வாரங்களில் இது ஏறினால் மட்டும் கவனம் வேண்டும். அதோடு நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சிரைப்பு, காய்ச்சல் சேர்ந்தால் இதயத் தசை அழற்சியா என்று பார்க்க வேண்டும். அதுவும் அரிது, ஆனால் தாமதித்தால் ஆளைக் கொல்லும்.

ரத்தம் உறைவது மூன்றாவது கேடு. காலின் ஆழ்ந்த நாளத்தில் கட்டி உண்டாகி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். 2010இல் பிரிட்டனில் வெளிவந்த பெரிய ஆய்வில், மனநோய் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து 32 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. சதவீதமாகக் கேட்டால் மிரட்டும். ஆளாக எண்ணினால், ஓர் ஆண்டில் 10,000 பேருக்குக் கூடுதலாக 4 பேர். புதிதாக மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதம்தான் முக்கியம். தூக்கக் கலக்கத்தில் நாளெல்லாம் படுத்துக் கிடப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, உடல் பருப்பது ஆகியவை இதைக் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் "நடந்தால் சரியாகும்" என்று விடாமல் காட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பரவலானது ரத்தத்தில் ஏறும் சர்க்கரையும் கொழுப்பும். ஒலான்சபினும் குளோசபினும் இதில் முன்னணி. பசி கூடும், எடை கூடும், சில மாதங்களில் சர்க்கரை எட்டிப்பார்க்கும். மருந்து தொடங்கும்போதும், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு, மனநலச் சங்கங்கள் 2004இல் சேர்ந்து சொன்னது இன்றும் நல்ல வழிகாட்டி. வெள்ளை அணுவைப் பற்றிய பயத்தில் சர்க்கரையை மறந்தால், அரிதானதைக் காத்துப் பரவலானதைக் கோட்டைவிட்டவர்கள் ஆவோம்.

சீட்டைப் படிக்கும் முறை

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் "டோட்டல் கவுண்ட்" என்று மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை இருக்கும். 4,000 முதல் 11,000 வரை சரியான அளவு என்று பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே "டிஃபரன்ஷியல் கவுண்ட்" என்று நூற்றுக்கு எத்தனை நியூட்ரோஃபில் என்பது இருக்கும். முதல் எண்ணை மட்டும் பார்த்து "நார்மல்" என்று மடித்து வைப்பது பெரும் தவறு. மொத்தம் 4,200, நியூட்ரோஃபில் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 4,200ஐ 35ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 1,470. மொத்த எண்ணிக்கை சரி; நியூட்ரோஃபில் 1,500க்குக் கீழே. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும். மனநோயாளி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சிலருக்கு இயற்கையிலேயே நியூட்ரோஃபில் குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. மருந்து தொடங்கும் முன் ரத்தம் பார்ப்பது அதற்காகத்தான். காலையில் எண்ணிக்கை சற்றுக் குறைந்தும் பிற்பகலில் கூடியும் இருப்பது வழக்கம். விளிம்பில் ஒரு எண் வந்தால் மறுநாள் வேறு நேரத்தில் திரும்பப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் டெங்கு வரும். டெங்கு வந்தாலும் வெள்ளை அணு குறையும், தட்டணுவும் குறையும். குளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அது டெங்குவா, மருந்தின் வேலையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அன்றே ரத்தம் பார்த்து நியூட்ரோஃபிலைக் கணக்கிட வேண்டும். "மழைக்காலக் காய்ச்சல், மூன்று நாள் பார்ப்போம்" என்பது மற்றவர்களுக்குச் சில நேரம் பொருந்தலாம், இவர்களுக்குப் பொருந்தாது. மருந்துக்கடையில் காய்ச்சலுக்கும் தொண்டைக்கும் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் அனால்ஜினும் கோட்ரிமாக்சசோலும் இருக்கக் கூடாது. இரண்டும் தாமே வெள்ளை அணுவைக் குறைக்க வல்லவை.

எண்ணிக்கை 500க்குக் கீழே போய்விட்டால் குளோசபினை உடனே நிறுத்தி, மருத்துவமனையில் சேர்த்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போடுவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அணுக்கள் திரும்பிவிடும். அதன்பின் அவருக்குக் குளோசபின் பொதுவாகக் கொடுப்பதில்லை.

நல்ல நிலையில் இருப்பவர் தானாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான். இரண்டு நாளுக்கு மேல் குளோசபின் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது. மயக்கமும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். மிகக் குறைந்த அளவிலிருந்து, மருத்துவர் சொல்படி, மறுபடி ஏற வேண்டும்.

காவலின் விலை

அமெரிக்காவில் 1990இல் குளோசபின் விற்பனைக்கு வந்தபோது அதை விற்ற சாண்டோஸ் நிறுவனம் மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஆண்டுக்கு 8,944 டாலர் விலை வைத்தது. நோயாளிகளும் மாநில அரசுகளும் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், கட்டு அவிழ்க்கப்பட்டது. பிறகும் பரிசோதனை விதி நீடித்தது. 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த அனுபவத்தைப் பார்த்து, அமெரிக்க அரசு 2025இல் "அறிக்கை இல்லையேல் மாத்திரை இல்லை" என்னும் கட்டாயப் பதிவு முறையைக் கைவிட்டது. ரத்தம் பார்க்கச் சொல்லும் பரிந்துரை அப்படியே இருக்கிறது. அறிக்கை தாமதமானதால் மாத்திரை மறுக்கப்பட்டு நோயாளி தவிப்பது மட்டும் நிற்க வேண்டும் என்பது நோக்கம்.

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். மாத்திரை விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் குளோசபின் இருக்கிறது. அறிக்கை பார்த்துத்தான் மாத்திரை தர வேண்டும் என்று கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இல்லை. காவல் முழுவதும் மருத்துவரின் அக்கறையையும் குடும்பத்தின் கால்களையும் நம்பியிருக்கிறது.

அந்தக் கால்கள் எவ்வளவு நடக்க வேண்டும்? பிரிட்டன் முறைப்படி முதல் 18 வாரம் வாரந்தோறும், பிறகு ஆண்டு முடியும் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை. முதல் ஆண்டில் மட்டும் 35 தடவை. நோயாளியைத் தனியே அனுப்ப முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். கீழப்பழுவூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அரியலூர். உள்கிராமத்துக்காரர்கள் முதலில் கீழப்பழுவூருக்கு வந்து சேர வேண்டும். போய், வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து, அறிக்கை வாங்கித் திரும்பினால் பொழுது போய்விடும். இருவருக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் 70 நாள் கூலி. நூறு நாள் வேலையையும் கரும்பு வெட்டையும் நம்பி வாழும் வீடு இதைத் தாங்காது. இதை அறிந்த மருத்துவர் பலர் குளோசபின் பக்கமே போகாமல், பலன் தராத மருந்துகளையே மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், குளோசபின் தேவைப்பட்டவர்களுக்கு அது கிடைக்கச் சராசரியாக 4 ஆண்டு தாமதமானது தெரிந்தது.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 1,000 பெரியவர்களில் சுமார் 4 பேருக்கு மனச்சிதைவு அல்லது அதையொத்த நோய் அப்போது இருந்தது. சமவெளியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பு 30,000 பேர். அவர்களில் பெரியவர்களை மட்டும் எண்ணினால் சுமார் 90 பேருக்கு இந்த நோய் இருக்கும். அதில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது சுமார் 30 பேருக்கு, குளோசபின் தேவைப்படலாம். அத்தனை பேருக்கும் கொடுத்தாலும் வெள்ளை அணு கடுமையாகக் குறைவது ஒருவருக்கு நேர்வதே அரிது. வராமலே போகக்கூடிய அந்த ஒருவரை நினைத்து முப்பது பேரை இருட்டில் விட்டிருக்கிறோம். காவல் பக்கத்தில் இருந்தால் முப்பது பேரும் வெளிச்சத்துக்கு வரலாம்; அந்த ஒருவரும் பிழைப்பார்.

நம் மண்ணிலேயே உள்ள வழிகள்

இதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் நாட்டில் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் தமிழ்நாட்டின் திருச்சியும் ஒன்று. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை அந்தத் திருச்சியின் பகுதிகள்தாம். 2007இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தலைமை மருத்துவமனை பக்கத்தில் வந்துவிட்டது. கிராமத்துக்கும் அதற்கும் இடையில் உள்ள கடைசிக் கண்ணியைத்தான் இணைக்க வேண்டும்.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு, 2010 முதல் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தைக் கிராமம் கிராமமாக ஓட்டியது. பேருந்துக்குள்ளிருந்தே சென்னையில் இருக்கும் மருத்துவரிடம் திரை வழியே பேசலாம். மருந்தும் அங்கேயே கிடைக்கும். மருத்துவர் கிராமத்துக்கு வர முடியும் என்றால் ரத்தம் எண்ணும் கருவியும் வர முடியும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, சில நிமிடத்தில் நியூட்ரோஃபில் எண்ணைச் சொல்லும் கைக்கருவிகள் உலகில் வந்துவிட்டன. அது கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். டோட்டல் கவுண்டும் டிஃபரன்ஷியல் கவுண்டும் மிகப் பழைய, எளிய பரிசோதனைகள். நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஆய்வக நுட்பநரும் இருக்கும் இடத்தில் செய்யலாம்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனநோயாளியின் விரலையும் பிடித்து முதல் 18 வாரம் ரத்தம் எடுத்து வர அவர்களால் முடியாதா? எண்ணை மாவட்ட மனநல மருத்துவருக்குக் கைப்பேசியில் அனுப்பினால் போதும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநல சேவையை எட்டும் தூரத்தில், எட்டும் செலவில் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அந்த உரிமைக்குள் இந்தச் சொட்டு ரத்தமும் அடங்கும்.

குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. மருந்துச் சீட்டிலேயே குளோசபின் தொடங்கிய தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு ரத்தச் சீட்டையும் தேதி வாரியாகக் கோத்து வையுங்கள். எந்த மருத்துவரிடம், எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் அந்தக் கோப்பைக் கொண்டுபோங்கள். காய்ச்சல், தொண்டைப்புண், வாய்ப்புண் வந்தால் அன்றே ரத்தம் பாருங்கள். மலச்சிக்கல் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். குளோசபினில் அது ரத்தக் கேட்டைக் காட்டிலும் பரவலானது, கவனிக்காவிட்டால் குடலை முடக்கி உயிரெடுப்பதும் உண்டு. சந்தேகம் வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

"ரத்தத்தைச் சுண்ட வச்சிடும்" என்று சொல்லும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு இனி ஒரு நேர்மையான பதில் இருக்கிறது. "ஆயிரம் பேரில் எட்டொன்பது பேருக்கு வெள்ளை அணு குறையும் பெரியம்மா, அதுவும் முதல் சில மாதத்தில். அதுக்காகத்தான் வாரா வாரம் ரத்தம் பார்க்கிறோம். போன வாரம் 3,200. இந்த வாரம் 3,050. நல்லா இருக்கான்." அந்த இரண்டு எண்களையும் நோயாளியின் குடும்பம் தன் ஊரிலேயே, ஒரு நாள் கூலியை இழக்காமல் பெற்றுச் சொல்லும்படி செய்வது நம் பொறுப்பு.